பச்சிளங் குழந்தையின் உடலிற் கொப்புளம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இசையும் கவியும் நாடகமும் நிகழ்வது மரபு. அவற்றுக்கிடையே நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் நம்மிற் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையேனும் காண வாய்ப்பில்லாத சில நோய்களைப் பற்றி. பச்சிளங் குழந்தைகளின் தோலிற் கொப்புளங்களை எழுப்பும் அரிய நோய்களை எவ்வாறு இனங்காண்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதனை மருத்துவக் கல்லூரியிற் பேசலாமே, தமிழ்ச் சங்கத்திற் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை எளியது. இந்நோய்களை இனங்காணும் வேலையிற் பாதி ஆய்வுக்கூடத்தில் நடைபெறுகிறது. மற்றப் பாதி தாயின் வாய்ச்சொல்லில் நடைபெறுகிறது. சொல்லும் தாய் தமிழ் மட்டுமே அறிந்தவராகவும், கேட்கும் மருத்துவர் மராத்தியராகவும் இருக்கும் ஊரில் அந்தப் பாதி சங்கத்தின் வேலையாகவும் ஆகிவிடுகிறது.

முளா ஆற்றின் இக்கரையில் நம் போபோடி; அக்கரையில் தாபோடி; அருகே கட்கிப் படைவீடு. கட்கியில் 1869ஆம் ஆண்டு வெடிமருந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. தொழிற்சாலையையும் இரயில்வேயையும் படைப்பணியையும் நாடித் தமிழர் பலர் இப்பகுதிக்கு வந்து குடியேறினர். வந்தவர்கள் தம் மொழியைக் கொண்டுவந்தனர், உணவுப் பழக்கத்தைக் கொண்டுவந்தனர், தெய்வங்களைக் கொண்டுவந்தனர். அவற்றோடு நோய்களுக்கு நம்மூரில் வழங்கும் பெயர்களையும் கொண்டுவந்தனர். குழந்தையின் உடலிற் கொப்புளம் கண்டவுடன் நம் வீடுகளில் எழும் பெயர்கள் யாவை? அம்மை என்பார் ஒருவர். அக்கி என்பார் மற்றொருவர். செவ்வாப்பு என்றும் சூட்டுக் கொப்புளம் என்றும் சொல்வாரும் உண்டு.

பெரியம்மை நாட்டில் உலவிய காலத்தில் அம்மை என்ற பெயருக்குப் பொருள் இருந்தது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு 1975. உலகிலிருந்தே அது ஒழிந்துவிட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டது. நோய் போய்விட்டது, பெயரும் அதைச் சூழ்ந்த வழக்கங்களும் நிற்கின்றன. வாயிலில் வேப்பிலை செருகுவதும், வீட்டில் தாளிக்காமல் இருப்பதும், மூன்று தண்ணீர் ஊற்றும்வரை மருத்துவரிடம் செல்லாமல் இருப்பதும் இன்றும் நம்மிடையே உண்டு. அக்கி என்று கருதினால் குயவரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்வர். மராத்தியரும் பெரியம்மையைத் தேவி என்றே அழைத்தனர். ஆகவே அண்டை வீட்டு மராத்தியப் பாட்டியும் நம் வீட்டுப் பாட்டியும் மொழியால் வேறுபட்டாலும் இந்த ஒன்றில் எளிதாக ஒத்துப்போய்விடுகின்றனர்.

நம் பாட்டியரை நகையாடுவது நம் நோக்கமன்று. குழந்தையைத் தனியே வைப்பதும், தூய துணியிற் கிடத்துவதும், வருவோர் போவோரைத் தொடவிடாமற் காப்பதும் நல்ல வழக்கங்களே. கேடு விளைவது வேறோரிடத்தில். ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் அதன்பின் எவரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி நின்றுவிட்டால் நோயறிதலும் நின்றுவிடுகிறது.

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். தந்தை தொழிற்சாலையில் இரவு முறையிற் பணி செய்பவர். தாய் திருமணமாகி ஓராண்டுக்கு முன் ஊரிலிருந்து வந்தவர். மராத்தியும் இந்தியும் அறியார். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதன் குதிகாலிலும் மணிக்கட்டிலும் கொப்புளங்கள் எழுகின்றன. ஊரிலிருந்து வந்த மாமியார் அம்மை என்கிறார். குளிப்பாட்டும்போது அக்குளிற் கைகொடுத்துத் தூக்கினால் அவ்விடத்துத் தோல் வழன்று வருகிறது. வெந்நீர் அதிகமாகக் காய்ந்துவிட்டதோ என்று தாயைப் பார்த்து ஒருவர் கேட்கிறார். கருவுற்ற காலத்தில் கண்டதைத் தின்றாயோ என்று மற்றொருவர் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக்குச் செல்கின்றனர். மருத்துவர் வினவும்போது தந்தை பணியிலிருக்கிறார். கடைத்தெருவிற் கற்ற மராத்தியில் அத்தாய் ஃபோட் என்ற ஒரே சொல்லைச் சொல்கிறார். மராத்தியில் அச்சொல் கட்டிக்கும் பருவுக்கும் கொப்புளத்துக்கும் பொதுவானது. நம் மொழியில் நான்கு சொற்களாற் பிரித்துச் சொல்லக்கூடிய செய்தி அங்கே ஒரே சொல்லாய்ச் சுருங்கிப்போகிறது. இத்தகைய நிலை எந்தக் குடியேறியவர் வீட்டிலும் நேரக்கூடியது.

இனி, கொப்புளம் என்பது யாது என்று சிறிது ஆராய்வோம். நம் தோல் ஒரே தாள் அன்று. மேல்தோல், உள்தோல் என இரண்டு அடுக்குகள் உடையது. மேல்தோல் செங்கல் அடுக்கினாற் போன்ற உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள டெஸ்மோகிளெயின் முதலிய புரதங்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவினுள்ளும் கெரட்டின் என்னும் இழைகள் சட்டம்போல் நின்று தாங்குகின்றன. மேல்தோலின் அடிவரிசையை அடிச்சவ்வோடு ஒட்டவைப்பது லாமினின் என்னும் புரதம். அடிச்சவ்வை உள்தோலோடு பிணைப்பவை ஏழாம் வகைக் கொலாஜனால் ஆகிய நங்கூர இழைகள். இவற்றுள் எந்தப் பிடி தளர்ந்தாலும் அங்கே பிளவு உண்டாகும், பிளவில் நீர் கோக்கும், கொப்புளம் எழும். பிடியைத் தளரச் செய்வது கிருமியின் நஞ்சாகவும் இருக்கலாம். பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறையாகவும் இருக்கலாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே கொப்புளந்தான். எந்தத் தளத்திற் பிளந்தது, எதனாற் பிளந்தது என்ற இரண்டையும் கண்டறிவதே நோயறிதல் ஆகும்.

வள்ளுவப் பெருந்தகை தம் நூலின் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். கைக்குழந்தையின் நிலையில் நோயுற்றவருக்குப் பேச வாயில்லை. எனவே அருகிருப்பவரே இருவர்க்கும் உரிய கடமையைச் சுமக்க வேண்டியவராகிறார். அவர் விடையளிக்க வேண்டிய கேள்விகள் ஏழு. அவற்றை ஒவ்வொன்றாகக் கூறி, எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதையும் விளக்குவோம்.

முதற் கேள்வி: குழந்தை சோர்ந்திருக்கிறதா? காய்ச்சல் உண்டா? பால் குடிப்பது குறைந்துவிட்டதா? இக்கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இதற்கு ஆம் என்று விடை வந்தால் மற்ற ஆறு கேள்விகளும் ஆம்புலன்சில் கேட்கத் தக்கவை. 1878ஆம் ஆண்டு பிராகு நகரத்து மருத்துவர் ரிட்டர் என்பார், பிறந்த குழந்தைகளின் தோல் சிவந்து, வெந்நீர் பட்டாற்போல் வழன்று உரியும் நோயொன்றை விவரித்தார். ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி மூக்கிலோ கொப்பூழிலோ தங்கி நஞ்சைச் சுரக்க, அந்நஞ்சு குருதிவழி சென்று டெஸ்மோகிளெயின் பிடியை அறுத்துவிடுகிறது. தொட்டாலே குழந்தை வீறிட்டழும். வாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் தோல் உரியும். வாயினுள் மட்டும் புண் இராது. உரிய மருந்தைக் காலத்தில் ஊசிவழி செலுத்தினால் தழும்பின்றி ஆறிவிடும். இதனை அம்மை என்று கருதி வேப்பிலைப் படுக்கையில் வைத்திருந்தால் விளைவு வேறு. ஹெர்ப்பீஸ் என்னும் நச்சுயிரி பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளங்களை எழுப்பும். அது மூளையையும் தாக்கவல்லது. அசைக்ளோவிர் என்னும் மருந்தை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை.

இவற்றோடு நம் பகுதியில் மறக்கலாகாத ஒன்று சிக்குன்குனியா. 2005, 2006 ஆண்டுகளில் அந்நோய் மராட்டியம், கருநாடகம், தமிழகம் ஆகிய மாநிலங்களிலும், நம் முன்னோர் பலர் சென்று குடியேறிய ரீயூனியன் தீவிலும் பரவியது. அப்போது கைக்குழந்தைகள் சிலர் உடலில், பெரியவர்களிடம் காணாத வகையில், பெரும்பெரும் கொப்புளங்கள் எழுந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தனர். புனேயில் 2024ஆம் ஆண்டிலும் சிக்குன்குனியா மிகுதியாகக் கண்டது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு கொப்புளம் கண்ட குழந்தையின் குருதியில் இதனையும் தேட வேண்டும். நச்சுயிரிகளை ஆராய்வதற்கென 1952இல் தொடங்கப்பட்ட நிலையம் இதே நகரில் இருப்பது நமக்கு ஒரு நற்பேறு.

இரண்டாம் கேள்வி: கொப்புளம் பிறக்கும்போதே இருந்ததா, எத்தனையாம் நாளில் எழுந்தது? பிறக்கும்போதே மணிக்கட்டிலோ கையிலோ ஒரே ஒரு கொப்புளம் இருந்து, குழந்தை நலமாகவும் இருந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. கருவிலேயே குழந்தை தன் கையைச் சப்பியதன் அடையாளம் அது. பிறக்கும்போதே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்கள் இருந்தால் சிபிலிஸ் என்னும் மேகநோயை நினைக்க வேண்டும். தாயின் குருதியை ஆராய்ந்தால் தெரிந்துவிடும், பெனிசிலினால் தீர்ந்துவிடும். வெட்கத்தால் அந்த ஆய்வை மறுப்பது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

மூன்றாம் கேள்வி: முதலில் எந்த இடத்தில் எழுந்தது? உடை உராயும் இடம், கையாற் பிடித்துத் தூக்கும் இடம், மருத்துவமனையில் பெயர்ப்பட்டை கட்டிய மணிக்கட்டு, பிளாஸ்திரி ஒட்டிய இடம் ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் எழுகிறதா? அவ்வாறாயின் நினைக்க வேண்டியது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்னும் பிறவி நோய். 1886இல் கோப்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் அதற்கு இப்பெயரை இட்டார். அமெரிக்கப் பதிவேட்டின்படி பத்து இலட்சம் பிறப்புகளில் ஏறத்தாழ 20 குழந்தைகளுக்கு இந்நோய் காண்கிறது. இதில் நான்கு பெரும்பிரிவுகள் உண்டு. கெரட்டின் சட்டம் பழுதுற்றால் மேல்தோலுக்குள்ளேயே பிளவு உண்டாகும். இது பெரும்பாலும் மிதமானது, கோடையில் மிகுவது. லாமினின் முதலிய ஒட்டுப் புரதங்கள் பழுதுற்றால் அடிச்சவ்வின் தளத்திற் பிளவுபடும். இதன் கடுமையான வகையை 1935இல் ஹெர்லிட்ஸ் என்னும் ஸ்வீடன் மருத்துவர் விவரித்தார். அவ்வகைக் குழந்தைகளிற் பலர் இரண்டாண்டுகளைத் தாண்டுவதில்லை. ஏழாம் வகைக் கொலாஜன் பழுதுற்றால் அதற்கும் கீழே பிளந்து தழும்பு விழும். கடுமையான வகையில் விரல்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1954இல் கிண்ட்லர் என்னும் மருத்துவர் விவரித்த நான்காம் பிரிவில் பிளவு ஒரே தளத்தில் நில்லாது. தோல் வெயிலையும் தாங்காது.

கொப்புளங்கள் வளைந்த கோடுகளாக, யாரோ விரலால் இழுத்துவிட்டாற்போல் அமைந்து, குழந்தை பெண்ணாகவும் இருந்தால், இன்கான்டினென்ஷியா பிக்மென்டை என்னும் வேறொரு மரபணு நோயை நினைக்க வேண்டும். அதில் கொப்புளங்கள் தாமே மறைந்து பழுப்புச் சுழிகளாக மாறும். தோல் ஆறியதென்று வாளா இருந்துவிடலாகாது. விழித்திரையில் குருதிக்குழாய்கள் கெட்டுப் பார்வை போகக்கூடும். காலத்திற் கண் மருத்துவர் பார்த்தால் பார்வையைக் காக்கலாம். இதற்காகவே பெயர் தெரிய வேண்டும்.

கொப்புளமும் புண்ணும் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் கைகால்களிலும் எழுந்து, வயிற்றுப்போக்கும் முடியுதிர்தலும் சேர்ந்து வந்தால் அது மற்றொன்று. தாய்ப்பால் உண்ணும்வரை நலமாயிருந்து, பாலை மறக்கச் செய்தபின் இது தலைகாட்டுவது வழக்கம். 1942இல் டான்போல்ட், கிளாஸ் என்னும் நார்வே மருத்துவர்கள் இருவர் இதனைத் தனி நோயென இனங்கண்டனர். குடல் துத்தநாகத்தை ஈர்க்க இயலாமையே காரணம் என்பதை மொய்னஹான் என்பார் 1970களில் வெளிப்படுத்தினார். அதற்குமுன் பல குழந்தைகளைக் கொண்டுசென்ற நோய், துத்தநாக உப்பைக் கொடுத்ததும் சில நாட்களில் தணியத் தொடங்குகிறது. மருந்து மலிவானது, எந்த ஊரிலும் கிடைப்பது. இல்லாதது நோயின் பெயர் ஒன்றுதான். அரிய நோய் என்றால் தீராத நோய் என்று எண்ணிக் கைவிடுவோர்க்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நான்காம் கேள்வி: வாயினுள், கண்ணில், நகங்களில் மாற்றம் உண்டா? அழுகுரல் கம்மியிருக்கிறதா? கம்மிய குரல், மூச்சுக்குழாயிலும் கொப்புளம் எழுகிறது என்பதற்கு அறிகுறியாகலாம். ஐந்தாம் கேள்வி: ஆறிய இடம் எவ்வாறு இருக்கிறது? தழும்பா, வெண்ணிறச் சிறு மணிகளா, வெறும் நிறமாற்றமா? ஆறாம் கேள்வி: தாய்க்குக் கருவுற்ற காலத்திற் காய்ச்சலோ கொப்புளமோ கண்டதா? தாயின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று குழந்தைக்கும் கொப்புளம் எழுப்புவது உண்டு. அது சில வாரங்களில் தானே அடங்கும். ஏழாம் கேள்வி: குடும்பத்தில் வேறெவர்க்கேனும் இவ்வாறு கண்டதா? குழந்தைகள் இறந்ததுண்டா? கருச்சிதைவு நேர்ந்ததுண்டா? தாய்தந்தையர் உறவுமுறையில் மணந்தவரா?

இந்த ஏழு விடைகளும் கிடைத்தபின் ஆய்வுக்கூடம் தன் வேலையைத் தொடங்கலாம். கொப்புளத்தின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியிற் பார்ப்பது முதற்படி. கிருமி வளர்ப்பு இரண்டாம் படி. பிறவி நோய் என்ற ஐயம் எழுந்தால் புதிதாக எழுந்த கொப்புளத்தின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுக்க வேண்டும். பழைய கொப்புளம் ஏமாற்றிவிடும், ஏனெனில் அது ஆறத் தொடங்கியிருக்கும். 1962இல் பியர்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு, பிளவு எந்தத் தளத்தில் நிகழ்கிறது என்பதைக் கொண்டே இந்நோயின் பிரிவுகளைப் பிரித்துக் காட்டினார். இன்று ஒளிரும் எதிர்ப்பொருள்களைத் தடவி, எந்தப் புரதம் பிளவின் மேற்புறம் நிற்கிறது, எது கீழ்ப்புறம் நிற்கிறது, எது இல்லவே இல்லை என்று பார்க்கிறார்கள். அதற்குரிய துணுக்கை வழக்கமான ஃபார்மலினில் இட்டால் பயன்படாது. தனிக் கரைசலில் இட வேண்டும். இறுதியாகக் குழந்தையின் குருதியோடு தாய்தந்தையர் குருதியையும் சேர்த்து மரபணு ஆய்வு செய்யப்படுகிறது. இவ்வாய்வுகள் இந்நாளில் இந்தியாவிலேயே நடைபெறுகின்றன.

ஒன்றை இங்கே வற்புறுத்த வேண்டும். பிறந்த சில நாட்களில், கண்ணால் மட்டும் பார்த்து, இந்தக் குழந்தை பிழைக்கும், இது பிழைக்காது என்று எவரும் சொல்ல இயலாது. மிதமான வகையும் தொடக்கத்திற் கடுமையாகத் தோன்றலாம். ஆகவே ஆய்வு முடியுமுன் குழந்தையைக் கைவிடலாகாது.

நம்மவர் எங்கே செல்வது? போபோடிக்கு அண்மையில் ஔந்தில் மாவட்ட மருத்துவமனை உள்ளது. 1867இல் தோன்றிய சசூன் மருத்துவமனையும் அதனோடு இணைந்த பி. ஜே. மருத்துவக் கல்லூரியும் நகரின் நடுவில் உள்ளன. ராஸ்தா பேட்டையில் கே. இ. எம். மருத்துவமனை இருக்கும் சாலைக்குச் சர்தார் முதலியார் பெயர் வழங்குவதை நம்மிற் பலர் கண்டிருப்பீர்கள். படைப்பணியில் உள்ளோர்க்குப் படைத்துறை மருத்துவமனைகள் உண்டு. பிறந்த குழந்தை முதல் 18 வயதினர் வரை பிறவிக் குறைகளையும் நோய்களையும் கண்டறிவதற்காக நடுவணரசு 2013இல் தொடங்கிய குழந்தைநலத் திட்டமும் இருக்கிறது. அத்திட்டம் தொடங்கப்பட்டது நம் மராட்டிய மாநிலத்துப் பால்கரில். வீடு தேடிவரும் ஆஷா பணியாளரிடம் குழந்தையின் தோலை மறைக்காமற் காட்டினாலே போதும், வழி பிறக்கும்.

நோயின் பெயர் தெரியும்வரை வீட்டிற் செய்ய வேண்டியவை சில. குழந்தையை அக்குளிற் பிடித்துத் தூக்காமல், ஒரு கையைப் பிட்டத்தின் கீழும் ஒரு கையைத் தலையின் கீழும் கொடுத்து, மெத்தென்ற துணியோடு சேர்த்து எடுக்க வேண்டும். தோலில் எதையும் ஒட்டலாகாது. உடையின் தையல் வெளிப்புறம் இருக்குமாறு புரட்டி அணிவிக்க வேண்டும். மஞ்சள், சாம்பல், காவி, பச்சிலைச் சாறு எதையும் பூசலாகாது. தேய்த்துக் குளிப்பாட்டலாகாது. தாய்ப்பாலை நிறுத்தலாகாது, ஹெர்ப்பீஸ் புண் மார்பிலேயே இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொப்புளம் பெரிதாகிப் பரவினால், தூய ஊசியால் தாழ்ந்த ஓரத்தில் துளையிட்டு நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டுவைக்கும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்ள வேண்டும், தாமாகச் செய்யலாகாது. கொப்புளம் எழுந்த நாளையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். கைபேசியிற் படமும் எடுத்துவைக்கலாம். மருத்துவர் பார்க்கும் நாளில் பழைய கொப்புளம் மறைந்திருக்கக்கூடும். படம் சான்று கூறும்.

இனி, நம் சமூகம் மனம் விட்டுப் பேச வேண்டிய ஒரு செய்தி. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணம் முடிப்பது நம் நீண்டநாள் வழக்கம். அதன் அன்பையும் ஆதரவையும் நாம் அறிவோம். தொலைதூரம் வந்து வாழும் நமக்கு அஃது இன்னும் இனியதாகத் தோன்றுவதும் இயல்பே. ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை உடையவர்கள். மேற்சொன்ன கடுமையான வகைகளிற் பெரும்பாலானவை, பழுதுற்ற மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் ஆக இரண்டும் சேர்ந்தால்தான் வெளிப்படுவன. அவ்வாறு இருவரும் சுமப்பவராயின் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. சுமக்கும் இருவரும் நோயின்றி நலமாகவே இருப்பர். ஆகவே தாயின் குறை என்று சொல்வதற்கு இடமே இல்லை. இருவரிடமிருந்தும் சம பங்கில் வந்தது அது. வெந்நீராலும் வந்ததன்று, கிரகணத்தாலும் வந்ததன்று, நாத்தனார் கண்பட்டும் வந்ததன்று. சில வகைகளில் பெற்றோர் இருவரிடமும் இல்லாத பழுது குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால் அடுத்த கருவின் 11 முதல் 13 வாரங்களுக்குள் அக்கருவின் நிலையை ஆராய்ந்து அறிய இயலும். ஆண், பெண் என்று அறிவிப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், மரபணு நோயைக் கண்டறிய இத்தகைய ஆய்வை அனுமதிக்கிறது. முதற் குழந்தை ஆய்வுக்கு முன்னரே இறந்துவிட்டால் இந்த வழி அரிதாகிவிடும். ஆகையால் பிழைக்காத குழந்தைக்கும் நோயறிதல் வேண்டும். அஃது அடுத்த குழந்தைக்கு அக்குழந்தை விட்டுச்செல்லும் உதவியாகும்.

மருத்துவம் இந்நோய்களிடம் தோற்று நிற்கவில்லை. ஜெர்மனியின் போகம் நகரில், லாமினின் பழுதால் உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தோலை இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, அவனுடைய அணுக்களிலேயே மரபணுவைச் சீர்செய்து வளர்த்த தோலை ஒட்டினர். அச்செய்தி 2017இல் வெளியாயிற்று. ஏழாம் வகைக் கொலாஜன் பழுதுக்கெனப் புண்ணின்மேல் தடவும் மரபணு மருந்து ஒன்றை அமெரிக்க அரசு 2023இல் ஏற்றுக்கொண்டது. இவை நம் போன்றோர் கைக்கு எளிதில் எட்டக்கூடியவை அல்ல என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். முன்னது லாமினின் பழுதுக்கு உரியது. பின்னது கொலாஜன் பழுதுக்கு உரியது. ஒன்று மற்றதற்கு உதவாது. நாளை இம்மருந்துகள் நம் நாட்டிற்கு மலிவாக வரும்போதும், எந்தப் பழுது என்று அறிந்த வீட்டின் கதவையே அவை தட்டும்.

முடிவாக, நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். மேற்கூறிய ஏழு கேள்விகளையும் ஒரே தாளில், இடப்புறம் தமிழிலும் வலப்புறம் மராத்தியிலும் அச்சிட்டு, கருவுற்ற தாய்மார் ஒவ்வொருவர் கையிலும் சேர்க்க வேண்டும். இரண்டு மொழியும் அறிந்த உறுப்பினர்கள் முறைவைத்துக்கொண்டு, அழைத்த பொழுதில் தாயுடன் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கணவரிடமோ மாமியாரிடமோ சொல்ல இயலாத செய்திகள் இருக்கும் ஆதலால் அவர்களிற் பெண்கள் இருத்தல் நன்று. கேட்டதை வெளியிற் சொல்லாமை அவர்தம் முதற் கடமை. கொப்புளம் கண்ட குழந்தையின் வீட்டிற்குச் செல்லும்போது நாம் ஒவ்வொருவரும் அம்மையா, அக்கியா என்று கேட்பதை விட்டு, எப்போது எழுந்தது, எங்கே எழுந்தது, குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்கப் பழக வேண்டும்.

முதல் இரண்டிற்கும் சிறிது பொருளும் சிறிது நேரமும் வேண்டும். மூன்றாவதற்கு எச்செலவும் இல்லை. இன்றிரவு வீடு திரும்பும்போதே தொடங்கிவிடலாம்.